ஒன்றாம் எண் கூண்டும் ‘தவறாக நினைக்காதீர்கள்’ என்ற பழக்கமும்

கேள்வி: எனக்கு வயது 48. கடல் ஆய்வில் 22 ஆண்டுகள். ஆறு மாதமாக ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்தில் ஓர் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் கிராமத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களிடமும் நாட்டுப்படகுச் சங்கத்தாரிடமும் மணிக்கணக்கில் பேசுவேன், தடுமாறியதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து உட்கார்ந்தால் குரல் கம்மிவிடுகிறது. ‘தவறாக நினைக்காதீர்கள்’ என்றுதான் வாயைத் திறக்கிறேன். அழுத்திச் சொன்னால் ‘மேடம் கோபமாக இருக்கிறார்’ என்கிறார்கள். நான் சொன்னதையே அரை மணி நேரம் கழித்து இளைய ஆண் சகா சொன்னால் தலையாட்டுகிறார்கள். ஆனி மாதம் மறுபடியும் குழு வருகிறது. மூன்று நாள் தலைமைப் பண்பு வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. குரல் கம்முவதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. ‘மேடம் கோபமாக இருக்கிறார்’ என்பது பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பேச்சு இன்னொருவர் கணக்கில் வரவாவதைத் தடுப்பது கூட்டம் நடத்துகிறவர் வேலை. வகுப்பு நடத்துகிறவர்கள் மூன்றையும் ஒரே பையில் போட்டு, ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்று மேலே சீட்டு ஒட்டிவிடுவார்கள். உங்களுக்கு அது குறைவு என்று நான் நம்பவில்லை. சின்னப்பாலத்துப் பெண்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் நீங்கள்.

அது எப்படிப்பட்ட சபை என்பது உங்களுக்கே மறந்திருக்கலாம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கடல் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. ஐந்து மணி நேரம் தண்ணீரில் கிடந்து மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ‘பாசி வளர்க்க ஒரு மிதவை கட்ட எவ்வளவு ஆகும்? 45 நாளில் அறுவடை என்றால் முதல் பணம் எப்போது கைக்கு வரும்? காற்றில் மிதவை அறுந்துபோனால் நட்டம் யார் தலையில்?’ இப்படித்தான் கேட்பார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்து, 2015இல் தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருதை வாங்கி வந்தார். இவர்களிடம் நீங்கள் எப்படிப் பதில் சொல்வீர்கள்? முதலில் எண். பிறகு காரணம். தெரியாததைத் தெரியாது என்பீர்கள். முன்னுரை கிடையாது. உங்களுக்கு வேண்டிய பேச்சு உங்களிடமே இருக்கிறது. பாம்பன் கரையிலிருந்து குளிரூட்டிய அறைக்கு வரும் வழியில் அது எங்கோ நழுவிவிடுகிறது.

எங்கே நழுவுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் தொலைத்தேன். நான் கருவிப் பொறியாளர். 34 ஆண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது உச்சிப்புளியில் இருக்கிறேன். ஒரு சமயம் கடலடியில் நாங்கள் வைத்திருந்த வெப்பமானிகளின் நங்கூரச் சங்கிலி துருப்பிடித்துப் போயிருந்தது. மாற்றப் பணம் வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு 31 ஸ்லைடு தயார் செய்தேன். பகுதியின் வரலாறு, கருவியின் வரலாறு, முந்தைய அறிக்கைகள், உப்பு அளவு, நீரோட்டம் எல்லாம் ஒழுங்காக வந்தன. சங்கிலி 29ஆவது ஸ்லைடில் இருந்தது. பதினேழாவது ஓடிக்கொண்டிருந்தபோது தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கழற்றிய கடிகாரத்தை இடக்கைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளி, தன் தேநீர்க் கோப்பைக்கு நேராக நிறுத்தினார். அந்தச் சுண்டுவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் வேகத்தைக் கூட்டினேன். 29ஐ எட்டியபோது, ‘இதையும் கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்’ என்று சொல்லி முடித்தேன். ‘நல்ல வேலை, மேடம்’ என்றார்கள். சாப்பிடப் போனோம். ஐப்பசியில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, புரண்டபோது சங்கிலி அறுந்தது. ஒரு பருவமழைக் காலத்தின் பதிவு முழுவதும் போயிற்று. விசாரணையில் கேட்டார்கள்: ‘சங்கிலி பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே?’

சொன்னேன். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர்களை அல்ல, ‘கவனித்தால் நன்றாக இருக்கும்’ என்ற அந்த வாக்கியத்தை.

அப்புறம்தான் என் பேச்சை நானே காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். தமிழில் வினை கடைசியில் வரும். காரணம், காலம், நிபந்தனை எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்த பிறகுதான் ‘வேண்டும்’ என்ற சொல் வந்து சேரும். வீட்டில், கோயில் கூட்டத்தில், பெண் கேட்கப் போன இடத்தில் இது அழகு. சுற்றி வளைத்து வருவதுதான் மரியாதை. நாம் ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டாலும் அடியில் ஓடுவது இந்த நடைதான். பணம் ஒதுக்குகிறவர்கள் காதோ முதல் இரண்டு நிமிடம்தான் திறந்திருக்கும். ஆகவே என் கோரிக்கையைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன்: ‘மூன்று சங்கிலிகளை ஆவணிக்குள் மாற்ற வேண்டும். தவறினால் இந்த ஆண்டுப் பதிவு இழப்பு. இன்று எனக்கு வேண்டியது ஒப்புதல்.’ அதற்குப் பிறகு எத்தனை ஸ்லைடு போட்டாலும் பரவாயில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் அந்த முதல் வரியைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘செய்யப்பட்டது’. நம் அறிக்கைகளில் எல்லாமே தானாக நடந்துவிடும்: மாதிரி சேகரிக்கப்பட்டது, தவறு கண்டறியப்பட்டது, முடிவு எடுக்கப்பட்டது. செய்தவள் எங்கே? இரண்டாவது, ‘நாங்கள்’. நீங்கள் தனியாக இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கையும் ‘நாங்கள் செய்தோம்’ என்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். அடக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கேட்கிறவர் அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் யார் பெயர் வசதியோ அதை எழுதிக்கொள்கிறார். நம் மொழி நமக்கு மூன்று சொற்கள் தந்திருக்கிறது. மூன்றையும் தலைவர் அறிந்து பயன்படுத்த வேண்டும். கணக்கு போட்டது ‘நான்’. களத்தில் இறங்கியது ‘நாங்கள்’. அடுத்து என்ன செய்வது என்று எதிரே இருக்கும் குழுவையும் சேர்த்துப் பேசும்போது ‘நாம்’. பிழை நேர்ந்தால் மறுபடியும் ‘நான்’. இந்தக் கடைசி ‘நான்’ சொல்லத் தெரிந்தவரின் முதல் ‘நான்’ யாருக்கும் உறுத்தாது.

இப்போது ‘தவறாக நினைக்காதீர்கள்’ பற்றி. ‘விஞ்ஞானி என்றால் உறுதியாகச் சொல்ல முடியாதே, அதனால்தான் தயங்குகிறேன்’ என்று நீங்கள் மனதுக்குள் பதில் சொல்வீர்கள். நல்ல கவலை. ஆனால் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பாருங்கள். ஒன்றாம் எண் கூண்டு என்ன சொல்கிறது? தொலைவில் மோசமான வானிலை இருக்கிறது, அது புயலாக மாறக்கூடும். மாறாமலும் போகலாம். அத்தனை ஐயமும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கம்பத்தில் ஏற்றும்போது யாரும் பாதி உயரத்தில் நிறுத்துவதில்லை, ‘தவறாக நினைக்காதீர்கள்’ என்று பக்கத்தில் பலகை வைப்பதுமில்லை. இரண்டு, மூன்று என்று பத்து வரை அபாயத்துக்கும் புயல் கடக்கும் பக்கத்துக்கும் தக்கபடி எண் மாறும். பதினொன்று இன்னும் சுவையானது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ‘எனக்குத் தகவல் இல்லை’ என்பதற்கும் ஓர் எண் வைத்து, அதையும் முழு உயரத்தில் ஏற்றுகிறார்கள்.

பருவநிலை மாற்றம் குறித்த ஐ.நா.வின் ஐபிசிசி குழுவும் இதையேதான் செய்கிறது. அவர்கள் அறிக்கையில் ‘வாய்ப்புண்டு’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘மிகவும் வாய்ப்புண்டு’ என்றால் 90க்கு மேல், ‘ஏறக்குறைய உறுதி’ என்றால் 99க்கு மேல் என்று வரையறுத்துவிட்டார்கள். ஐயத்துக்கு அளவு இருக்கிறது. உங்கள் தயக்கத்துக்கு அளவு இல்லை, அதுதான் சிக்கல். ‘எனக்குத் தோன்றுகிறது, ஒருவேளை, கடல் சூட்டில் பவளம் வெளிறலாம்’ என்று நீங்கள் சொன்னால், ஐயம் பவளத்தைப் பற்றியதா உங்களைப் பற்றியதா என்று குழுவுக்குத் தெரியாது. ‘மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளம் பெருமளவில் வெளிறியது. இந்தச் சித்திரையில் மனோலித் தீவருகே அதே போக்கு தெரிகிறது. மூன்று வாரப் பதிவுதான் கையில் இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் வேண்டும். ஆனால் கண்காணிப்பை இன்றே தொடங்க இது போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் உங்கள் ‘எனக்குத் தோன்றுகிறது’ வாக்கியத்தைவிட ஐயம் அதிகமாகவே இருக்கிறது. யாரும் அதைத் தயக்கம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து அந்தக் கோபப் பட்டம். இதில் உங்களுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அது உங்கள் கற்பனை அல்ல, அளந்து பார்த்திருக்கிறார்கள். 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஃபிளின் என்ற பேராசிரியர், ஹெய்டி ராய்சன் என்ற தொழில்முனைவோரின் வாழ்க்கைக் குறிப்பை மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்படியே கொடுத்தார். மீதிப் பேருக்குப் பெயரை மட்டும் ஹோவர்ட் என்று மாற்றிக் கொடுத்தார். திறமையில் இருவருக்கும் சம மதிப்பெண். ஆனால் கூட வேலை பார்க்கப் பிடித்தது ஹோவர்டை. ஹெய்டி தன்னலக்காரியாகத் தெரிந்தாள். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா பிரெஸ்கால் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பேசும் பெண் தலைமை அதிகாரியைத் திறமை குறைந்தவராக மதிப்பிட்டார்கள். மதிப்பிட்டவர்களில் பெண்களும் அடக்கம். அதிகம் பேசும் ஆணுக்கு அந்தத் தண்டனை இல்லை.

ஆகவே ‘தைரியமாகப் பேசுங்கள், உலகம் கேட்கும்’ என்கிறவர்களை நம்பாதீர்கள். விலை இருக்கிறது. விலையைக் குறைக்க நான் கண்டுபிடித்தது இரண்டே வழி. அழுத்தத்தைக் குரலில் வைக்காமல் சொல்லில் வைப்பது ஒன்று. வேகத்தைக் குறைத்து, எண்ணையும் தேதியையும் சொல்லி, வினைமுற்றை விழுங்காமல் முழுதாகச் சொல்லி, அதோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதும் ஒரு மௌனம் வரும். நாம்தான் அதை நிரப்ப அவசரப்பட்டு ‘அதாவது, உங்களுக்கு வசதிப்பட்டால்...’ என்று நம் வாக்கியத்தை நாமே அரித்துவிடுகிறோம். அந்த மௌனத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். மற்றது, கோரிக்கையைக் கடலின் பெயரில் வைப்பது: ‘நான் கேட்கிறேன்’ என்பதைவிட ‘இந்தப் பதிவு அறுந்தால் அடுத்த வெளிறலை நாம் பார்க்காமலே கோட்டைவிடுவோம்’. இதுவும் ஒரு வளைவுதான், ஆண்களிடம் யாரும் கேட்காத வளைவு. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. எரிச்சலோடுதான் வளைந்தேன், சங்கிலிகள் மாறின. அப்படியும் ‘மேடம் கோபமாக இருக்கிறார்’ என்று யாராவது சொன்னால், புன்னகைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘இல்லை, அவசரத்தில் இருக்கிறேன். காரணம் இதோ’ என்று அடுத்த எண்ணைச் சொல்லுங்கள்.

கையை இடுப்பில் ஊன்றி இரண்டு நிமிடம் நின்றால் உடம்பில் வீரம் சுரக்கும் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதற்கு அடிப்படை 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது உடலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2016இல் முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே ‘இதை நான் இனி நம்பவில்லை’ என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். கண்ணாடி முன் நின்றுகொள்வதில் தவறில்லை, அதற்குக் கட்டணம் எதற்கு?

உங்கள் சொல்லை இளைய சகா எடுத்துக்கொள்வதற்கு வருகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் விசாரணைப் பதிவுகளை டோன்யா ஜேக்கபியும் டிலன் ஷ்வீர்ஸும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 2015ஆம் ஆண்டு அமர்வில் ஒன்பது நீதிபதிகளில் மூவர் பெண்கள். குறுக்கீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த மூவர் மீதுதான் விழுந்தது. நாட்டின் உச்ச நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேச்சை வெட்டுகிறார்கள் என்றால், உங்கள் குரலில் கோளாறு தேடுவது வீண். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ‘மன்னிக்கவும்’, ‘ஒன்று கேட்கலாமா’ என்று தொடங்கும் பழக்கத்தைப் பெண் நீதிபதிகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கைவிட்டிருக்கிறார்கள். அந்த முன்னுரை, குறுக்கே புகுவதற்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. உங்கள் ‘தவறாக நினைக்காதீர்கள்’ அங்கேயும் இருந்தது பாருங்கள். பிற்பாடு அந்த நீதிமன்றம், பணி மூப்பு வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்கும் சுற்று ஒன்றைச் சேர்த்தது. அந்த மாற்றத்தில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு என்று நீதிபதி சோட்டோமயோரே 2021இல் சொன்னார். முறையை மாற்றியதும் பேச்சு மாறிற்று.

குழு வரும் அறையில் முறையை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் இருந்த பெண்கள் செய்ததைச் செய்யலாம். ஒருத்தி நல்ல யோசனை சொன்னால் இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்வாள், பெயர் பதிந்துவிடும். முந்தின நாளே நம்பகமான ஒருவரிடம், ஆணாக இருந்தால் இன்னும் நல்லது, ‘நான் சொன்னதும் அதை என் பெயரோடு ஒரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியும் சகா உங்கள் சொல்லைத் தன் சொல்லாக வைத்தால், முகத்தைச் சுருக்காமல், ‘பதினொன்றரைக்கு நான் வைத்த யோசனையைத் தம்பி ஆதரிப்பது மகிழ்ச்சி. அதன் அடுத்த படி இது’ என்று தொடருங்கள். நம் ஊரில் ‘தம்பி’ என்ற சொல் பாசத்தையும் வயதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். இந்த வசதி அந்த நீதிபதிகளுக்கு இல்லை.

உங்கள் பிரிவின் கூட்டங்களுக்கு நீங்களே தலைவர். அங்கே முறையை நாளைக்கே மாற்றலாம். கடைசியில் சேர்ந்த பெண் முதலில் பேசட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். குறிப்பேட்டில் யோசனைக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயர் இருக்கட்டும். தேநீருக்குச் சொல்வது, குறிப்பு எடுப்பது இரண்டும் முறை வைத்துச் சுற்றட்டும். இல்லாவிட்டால் அவை எப்போதும் ஒரே பெண்ணிடம்தான் போய் நிற்கும்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் அது தெரிந்தது. தமிழ் வழியில் படித்ததை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் ந. கலைச்செல்வி, நமக்குப் பக்கத்து மாவட்டத்துக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 2019இல் முதல் பெண் இயக்குநரானார், 2022இல் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பு முழுவதற்குமே முதல் பெண் தலைமை இயக்குநரானார். உச்சரிப்புக் கவலைக்கு இதற்கு மேல் நேரம் ஒதுக்க வேண்டாம்.

ஆனி மாதக் குழுவுக்கு இரண்டு வேலைகள் செய்யுங்கள். கூட்டத்தின் முதல் மூன்று வாக்கியங்களைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, உங்கள் படகோட்டியிடமோ பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடமோ படித்துக் காட்டுங்கள். ‘சரி அம்மா, இப்போது உங்களுக்கு என்னதான் வேண்டும்?’ என்று அவர் கேட்டால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். கேட்காவிட்டால் அதை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிகழ்ச்சி நிரலை நீங்களே எழுதுங்கள். அறையில் தொடங்க வேண்டாம், காலை ஆறரைக்குக் கடலில் தொடங்குங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதம், மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும். தீவைக் காட்டுகிறேன் என்று அந்தப் பக்கம் கூட்டிப் போனால் குழுவுக்கு வாந்திதான் நினைவிருக்கும். வடகடல் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும், அங்கே ஒரு கருவியை மேலே இழுத்துக் காட்டுங்கள். படகில் யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று சொல்லப்போவது நீங்கள். இரண்டு மணி நேரம் உங்கள் சொல்லைக் கேட்டு உட்கார்ந்து எழுந்தவர்கள், பத்து மணிக்கு அறைக்குள் வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி வைப்பது கொஞ்சம் கடினம். உயிர்காப்பு மிதவைச் சட்டைகளை முந்தின நாளே எண்ணி வைத்துவிடுங்கள்.